ஆறு பெஞ்சும் ஒரு பெரியவரும்

ஊரை அழகுபடுத்துகிற நம் அமைப்புக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, குழி தோண்டுவது, கன்று நடுவது, சுவருக்கு எத்தனை பூச்சு அடிப்பது என்பதையெல்லாம் நீங்கள் போகப் போகக் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. யாராவது பெரிய மனிதர் சிரித்த முகத்தோடு, "ஒன்னுமில்ல, ஓரமா ஒரு சின்ன போர்டு மட்டும் வச்சுக்கிறோம்" என்று சொன்னால், நின்றபடியே தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். எம்புட்டுச் சின்னது, எந்த ஓரம், அதில் என்ன இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் எழுந்திருங்கள். இதைக் கேட்காமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆமத்தூர் விலக்கில் ஆறு சிமெண்ட் சாட்சிகள் இருக்கின்றன.

நம் சிவகாசிப் பக்கத்துக் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. அச்சு மெஷின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெறும் இடம் என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சாமி, சாமிக்குக் கீழே கடைப் பெயர், அதற்குக் கீழே முதலாளி பெயர், அவர் மகன்கள் பெயர், மிச்சம் மீதி இடம் இருந்தால் தேதி. நம் அமைப்பிலேயே ஒரு முறை ரோட்டோரம் வேப்பங்கன்று வைத்தோம். கூண்டு வாங்கிக் கொடுத்தவர்கள் நாலு பக்கமும் தகரத்தில் பெயர் எழுதி மாட்டிவிட்டார்கள். உள்ளே நின்ற கன்று வெயிலையே பார்க்காமல் வெளுத்துப்போய், ஆஸ்பத்திரியில் படுத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. கன்று செத்துப்போய் வருசங்கள் ஆயிற்று. தகரம் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற அந்த விலக்கில் அப்போது ஒரு பெரிய குப்பைமேடு. அதை ஒட்டித்தான் பட்டாசு கம்பெனிக்குப் போகும் பெண்கள் நிற்பார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து தங்கள் ஊருக்குப் போகிற மினி பஸ்ஸுக்காக நிற்பார்கள். மினி பஸ் வரும் நேரம் அதை ஓட்டுகிற டிரைவருக்கே தெரியாது.

நாங்கள் குப்பையை அள்ளி, மேட்டைச் சமப்படுத்தி, இருந்த இரண்டு வேப்பமரத்தைச் சுற்றிச் செம்மண் அடித்துக்கொண்டிருந்தபோது, நின்றிருந்தவர்களில் ஒருத்தி என் அருகில் வந்தாள். பெயர் பாக்கியம். சரவெடி பின்னுகிறவள். நாள் முழுக்கத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து செய்கிற வேலை அது. முட்டி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், நின்றால் இடுப்பு விட்டுப்போகிறது. இந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். நான் ரொம்பப் பெருமையாக, பூச்செடி வைத்து, நடுவில் ஒரு சிமெண்ட் மயில் வைக்கலாம் என்று இருக்கிறோம் என்றேன்.

அவள் மயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "வேலை கஷ்டமில்லக்கா. இங்கன நிக்கிறதுதான் என்னைய வேலைக்கே போக விடாமப் பண்ணிரும் போல இருக்கு. உசரமா ஒன்னு, முதுகு சாயுற மாதிரி ஒன்னு வச்சுத் தந்தீகன்னா, இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிருவேன். மக படிப்பு முடிஞ்சிரும்."

மயிலை அங்கேயே திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். சாய்ந்து உட்காருகிற பெஞ்சு வரும் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். நம் வேலையில் வாக்குக் கொடுப்பது சுலபம். சிமெண்டுக்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

ஆள் கிடைத்தார். விருதுநகரில் பருப்பு மில் வைத்திருக்கும் அண்ணாச்சி. நல்ல மனசு. அவருடைய அப்பா காலமாகி ஒரு வருசம் முடியப் போகிறது, அவர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தார். ஆறு பெஞ்சு என்று கேட்டேன், ஆறையும் நானே தருகிறேன் என்றுவிட்டார். அந்தச் சந்தோசத்தில் நான் கிளம்பும்போதுதான், ஓரமா ஒரு சின்ன போர்டு என்ற அந்த வசனத்தைச் சொன்னார். நான் வாசலில் நின்றபடியே தலையை ஆட்டினேன்.

அப்போது நம் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் சிவகாசியில் பிரஸ் வைத்திருந்தார். தங்கமான மனிதர். ஆனால் சுவரைக் கண்டாலும் தூணைக் கண்டாலும் இதில் எத்தனை கலர் அடிக்கலாம் என்றுதான் பார்ப்பார். அண்ணாச்சியும் அவரும் போனில் பேசி, பெயரை எழுதினால் யார் நின்று படிக்கப் போகிறார்கள், படமே போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். காலமான அந்தப் பெரியவரின் படத்தை டைல்ஸில் கலராக அச்சடித்து, பெஞ்சில் பதித்துவிடுவது. எங்கே பதிப்பது? கால் பக்கம் வைத்தால் மரியாதையில்லை. உட்காருகிற இடத்தில் வைக்கவே முடியாது. அதனால் இருவரும் கூடி யோசித்து, உயரமாக, மரியாதையாக, நட்ட நடுவில், முதுகு சாய்கிற பலகையில் வைத்தார்கள்.

எனக்கு இது தெரியாது. பெஞ்சுகள் தாளால் சுற்றித்தான் வந்து இறங்கின. அந்தத் தாளும் பிரஸ்ஸில் வீணாய்ப்போன காலண்டர் தாள். ஆறு பெஞ்சையும் சுற்றி ஏகப்பட்ட முருகன். பிரித்துப் பார்க்கலாம் என்று போனவனுக்குக் கிழிக்க மனசு வரவில்லை. திறப்பு விழாவில் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

விழாவன்று அண்ணாச்சி தாளைப் பிரித்தார். உள்ளே இருந்து பெரியவர் பார்த்தார். ஒரு இடத்தில் இல்லை, ஆறு இடத்தில். மில் ஆபீஸில் மாட்டியிருந்த அதே படம். அகலமான மீசை, பாதிக் கண்ணை மூடினாலும் முழுசாகத் தெரிகிற முறைப்பு. அந்தப் படத்துக்கு முன்னால் மில் கணக்குப்பிள்ளைகள் இன்றைக்கும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள் என்று சொல்வார்கள். போதாததற்கு, பிரஸ்ஸில் டிசைன் போடுகிற பையனுக்குச் சாமி படம் செய்தே பழகிய கை. பெரியவர் கன்னத்தில் ரோஸ் கலர் கொடுத்து, தலைக்குப் பின்னால் சூரிய கிரணம் மாதிரி ஒரு ஒளிவட்டமும் போட்டிருந்தான். முறைக்கிற ஒளிவட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி கண் கலங்கிவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். விருந்தினராக வந்த அதிகாரியை முதலில் உட்காரச் சொல்லிப் போட்டோவுக்கு ஏற்பாடு. அவர் பெஞ்சுக்கு முன்னால் போனார், பெரியவரைப் பார்த்தார், தனக்கு இடுப்பு வலி என்றும் நிற்பதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும் சொல்லி நின்றுகொண்டார். அவர் நின்றதால் நாங்களும் நின்றோம். பெஞ்சுத் திறப்பு விழாவில் ஒருத்தர்கூட உட்காராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது நம் அமைப்பு மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். பெண்கள் பெஞ்சுக்குக் கொஞ்சம் தள்ளியே செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். யாரோ ஒரு மகராசி ஆறு நெற்றியிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு கண்ணிப் பூவும் சாத்தியிருந்தாள். சாயங்காலம் ஊற்றிக்கொண்டு வருகிற ஒருத்தர், ஒவ்வொரு பெஞ்சுக்கு முன்னாலும் நின்று, இனிமேல் தொட மாட்டேன் என்று கை கூப்பி, ஆறு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். ஆறாவது பெரியவரிடம் மட்டும் கொஞ்சம் வாக்குவாதமும் நடந்தது.

பாக்கியம் எங்கே என்று தேடினேன். பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள். அவள் மட்டுமில்லை, எல்லோரும் பின்னால்தான். பலகையின் மேல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் காலிப் பெஞ்சுக்குக் காவல் நிற்பது மாதிரி இருந்தது. ஏன் உட்காரவில்லை என்று கேட்டால், "பின்னாடி படம் இல்லையேக்கா" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். குப்பைமேடாக இருந்தபோது ஒரு கல்லாவது கிடந்தது, அதில் ஒரு காலையாவது தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அழகுபடுத்துகிறேன் என்று அதையும் எடுத்துவிட்டோம்.

இதற்கு மேல் விஷயம் கெடாது என்று நினைத்தேன். கெட்டது. காரியாபட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு வேன் டிரைவர் வந்தான். வெளியூர்க்காரனுக்குப் பெரியவரும் தெரியாது, மில்லும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தான், காலை நீட்டினான், எண்ணெய் வழிகிற தலையைப் பின்னால் சாய்த்து ஒரு தூக்கமும் போட்டான். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் கார் அந்த வழியாக வந்தது.

உடனே எனக்குப் போன் போட்டார். "எங்கப்பா மூஞ்சியில எண்ணெத் தலைய வச்சுக் குறட்ட விடுறான்கா. இதுக்கா நான் பெஞ்சு வாங்கிக் குடுத்தேன்?" என்றார். கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது, அதனால் என்னால் திட்டவும் முடியவில்லை.

மறுநாள் அமைப்பு ஆபீஸில் அவசரக் கூட்டம். பிள்ளைகளே, நெருக்கடி என்று வந்தால் படித்த மனிதர்கள் எப்படியெல்லாம் யோசிப்பார்கள் என்று அன்றைக்குப் பார்த்தேன். டைல்ஸைப் பெயர்த்துப் பின்பக்கம் ஒட்டலாம் என்றார் ஒருவர். பெயர்த்தால் முகம் உடையும், முதல் வருசத் திதி நெருங்குகிற நேரத்தில் அப்பா முகத்தைச் சுத்தியலால் அடிப்பதா என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். நுனியிலிருந்து ஒரு ஜாண் வரைக்கும் கோடு போட்டு, அதற்குள் மட்டும் உட்காரச் சொல்லலாம் என்றார் மற்றொருவர். கடைசியில் தலைவர் எழுந்து, இருக்கையில் அமர வேண்டாம் என்று ஒரு போர்டு வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை, கலரில் இலவசமாகவே அடித்துத் தருகிறேன் என்றார். கூட்டத்தில் அதற்கும் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

நான் வாயைத் திறந்தேன், அதில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. உட்காரக் கூடாத பெஞ்சுக்குப் பெஞ்சு என்று ஏன் பெயர், அதை உலகத்தில் எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அது தப்பாகப் போய்விட்டது. ஏனென்றால் அண்ணாச்சி அமைதியாக, அப்படியென்றால் பெஞ்சு என்று சொல்ல வேண்டாம், நினைவிடம் என்று சொல்லிவிடலாம், மறுநாள் சாயங்காலமே ஆளை அழைத்து வந்து சுற்றிக் கம்பி போட்டுவிடுகிறேன் என்றார். கூட்டம் முடிந்தது.

அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே நினைப்பு, பாக்கியத்தின் முட்டி. கம்பி போட்டுவிட்டால் பின்னால் நின்று முழங்கை ஊன்றக்கூட வழியில்லை. மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். போகிற பஸ்ஸில் அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் உறைக்கிற மாதிரி வரிசையாகத் தயார் செய்துகொண்டே போனேன். பக்கத்து சீட்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி வீட்டில் இல்லை. கம்பி வாங்கப் போயிருந்தார். அவருடைய அம்மா இருந்தார். அதுவரை மதுரையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலையில்தான் வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, நேரான முதுகு. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டேதான் பேசினார். பெரியம்மா, நீங்க உக்காருங்க என்றேன். பழக்கமில்லை தாயி என்றார்.

தயாரித்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட நாக்கு துடித்தது. உங்கள் மகன் இப்படிச் செய்கிறாரே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மகன் பக்கம்தான் நின்றிருப்பார், அதில் தப்பும் இல்லை. நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டேன். ஆமத்தூர் விலக்கில் பெரியவர் நினைவாக என்ன செய்திருக்கிறான் என்று அவராகத்தான் கேட்டார். பெஞ்சு என்றேன்.

"சாயுற மாதிரியா?"

"ஆமா பெரியம்மா. சாயுற இடத்துலதான் அவுக படம் இருக்கு. அதனால யாரும் சாய மாட்டேங்காக."

பெரியம்மாவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, டிரைவரைக் காரை எடுக்கச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேரும்போது கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அண்ணாச்சி வெல்டிங் ஆளோடு நின்று அளவு எடுத்துக்கொண்டிருந்தார். தலைவரும் இருந்தார், கையில் கலர் போர்டு. பெண்கள் வழக்கம்போல் பெஞ்சுகளுக்குப் பின்னால். பெரியம்மா காரிலிருந்து இறங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஆறு புருசனையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சந்தனம், குங்குமம், ஒளிவட்டம் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் ஒரே மொறைப்புத்தான் என்று அவர் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

பிறகு நடுவில் இருந்த ஒரு பெஞ்சைத் தேர்ந்தெடுத்து, முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"யம்மா, சாஞ்சிராதீக, அப்பா இருக்காக" என்று அண்ணாச்சி ஓடிவந்தார்.

பெரியம்மா சாய்ந்தார். முதுகை நன்றாகக் கொடுத்து, தலையைப் பெரியவரின் மீசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். வெல்டிங்காரர் கையில் இருந்த டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

கண்ணைத் திறக்காமலேயே மகனிடம் பேசினார். "ஏலே, வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்த மனுசன் முன்னாடி நான் உக்காந்ததே இல்ல. நின்னுக்கிட்டேதான் சோறு போட்டேன், நின்னுக்கிட்டேதான் பதில் சொன்னேன். இப்பத்தான் உக்காருன்னு ஒரு இடம் குடுத்திருக்காரு. அதையும் கம்பி போட்டு அடைக்கப் போறியாக்கும்?"

அண்ணாச்சி வெல்டிங்காரரிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் கையில் இருந்த போர்டை எழுத்துப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மெதுவாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பெரியம்மா கண்ணைத் திறந்து பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பாக்கியம்தான் பக்கத்தில் நின்றாள். "நீ ஏன் தாயி நிக்க? வந்து சாயி. ஒரு வார்த்த பேச மாட்டாரு."

பாக்கியம் என்னைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பக்கத்துப் பெஞ்சில் முதலில் நுனியில் உட்கார்ந்தாள். திரும்பி, பெரியவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் மெல்ல மெல்லச் சாய்ந்து, யம்மா என்று ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு மற்ற பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் முன்பக்கம் வந்துவிட்டார்கள். மினி பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து, என்ன ஏதாவது போராட்டமா என்று கேட்டான்.

பிள்ளைகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றைத் திறந்துவைப்பதற்கு முந்தின நாள் போய், தாளைக் கிழித்துவிட்டு, அதில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். முருகன் மன்னித்துக்கொள்வார். சண்டை என்று வந்தால், கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்களை விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு யாரை அழைக்கவில்லை என்று பாருங்கள். அங்கே போய் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, உங்கள் கருத்தை விழுங்கிவிடுங்கள். எனக்கே இது முடிந்திருக்கிறது என்றால் உங்களுக்கு முடியாதா?

ஓய்வு பெற்றுவிட்டாலும் அந்தப் பக்கம் போனால் நான் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பாக்கியத்தின் மகள் படிப்பை முடித்துவிட்டாள். பாக்கியம் இன்னும் வேலைக்குப் போகிறாள், இனிமேல் தன் செலவுக்காம். ஆறு பெரியவர்களின் நெற்றியும் பெண்களின் தலை எண்ணெயில் பளபளவென்று இருக்கிறது. ஒளிவட்டம் பாதி அழிந்துவிட்டது. முறைப்பும் முன்னைப்போல் இல்லை. பெரியம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, தன் பெஞ்சில் சாய்ந்து, பெண்களோடு ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறார்.

போன வாரம் நான் போனபோது அவரை அழைத்துப் போக அண்ணாச்சி வந்திருந்தார். பேச்சு முடிகிற வரைக்கும் இருக்கலாம் என்று பாக்கியத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். நுனியில்தான். கையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, மில் ஆபீஸில் அப்பா முன்னால் நிற்கிற பையன் மாதிரி.

பாக்கியம் அவர் பக்கம் குனிந்து, "சாஞ்சுக்கோங்க அண்ணாச்சி. ஒரு வார்த்த பேச மாட்டாரு" என்றாள்.

அவர் திரும்பிப் படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டுபோனார். மினி பஸ் வந்து நான் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.